நூறு வாட்டு நல்லமுத்து

அன்று காலை நல்லமுத்து ஒரு சபதம் எடுத்தான். எடுத்த இடம் வாசல். கையில் பல் பிரஷ், வாய் நிறைய நுரை. அதனால் சபதத்தின் முதல் பாதி யாருக்கும் விளங்கவில்லை. துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.

"ஒயர் இல்லாத எதுவும் என்ற ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது! ஆமா!"

வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்சவேணி நிமிரவே இல்லை.

"அப்ப நீங்க எங்கீங்க தங்குவீங்க?"

சபதத்துக்குக் காரணமான பொருள் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. தயிர்ச் சட்டி அளவு. சாம்பல் நிறம். ஒயர் கிடையாது, தனியாக ஆம்ப்ளிஃபயர் கிடையாது, எல்லாம் வயிற்றுக்குள்ளேயே அடக்கம். போனைத் தொட்டால் இது பாடும். முந்தின நாள் செம்மேடு சந்தைக்குப் போன அம்சவேணி, தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் இதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

தயிர்ச் சட்டி அளவில் ஒரு பொருள் வந்ததற்கு இவ்வளவு பெரிய சபதமா என்று நீங்கள் கேட்கலாம். நல்லமுத்துவின் முன்னறையைப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

அந்த அறையில் மனிதர்கள் இருக்க இடமில்லை. ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முக்காலி உயரம், கன்றுக்குட்டி கனம். மூன்றுக்கும் நடுவே ஒயர்கள், ஒயரைக் கடித்த எலிகளின் அடையாளங்கள், கடித்த இடத்தில் நல்லமுத்து சுற்றிய டேப்பு, டேப்பைக் கடித்த எலிகளின் அடையாளங்கள். விருந்தாளி வந்தால் ஒற்றைக் காலை எங்கே வைப்பது என்று யோசித்து, பாதி பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அந்த ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வரலாறும் உண்டு. கல்யாணம் ஆன கையோடு சேலத்தில் வாங்கியது. மலைக்கு வரும் பஸ்ஸில், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும், புது மாப்பிள்ளை நல்லமுத்து அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் புதுப் பெண் அம்சவேணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கல்யாணச் சாப்பாட்டை வளைவுக்கு வளைவு பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, நெத்தியை மட்டும் கொஞ்சம் பிடிங்க."

"ரெண்டு கையும் ஆம்ப்புல இருக்குது அம்மிணி. இறங்கினதும் பிடிக்கிறேன்."

இறங்கியதும் ஆம்ப்பைத்தான் முதலில் இறக்கினான். அம்சவேணி அதை மறக்கவில்லை. பெண்கள் எதைத்தான் மறந்தார்கள்?

இப்போது அம்சவேணி ஊருக்கே தையல்காரி. கோயில் நோன்பு வந்தால் ஜாக்கெட் துணி மலையாகக் குவியும். ஆனால் தையல் மெஷின் இருந்தது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். முன்னறை ஆம்ப்புக்கு, அடுப்படி மெஷினுக்கு. இது நல்லமுத்து வகுத்த சட்டம். போன மாதம் பக்கத்து வீட்டு கவிதா வந்து முறையிட்டுவிட்டுப் போனாள்.

"அக்கா, அளவெல்லாம் கச்சிதமா இருக்குதுங்கக்கா. ஆனா ஜாக்கெட் பூரா கருவாட்டு வாசனை. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போனேன். மண்டபத்துப் பூனை என்னை விட்டு நகரவே இல்லை."

அன்றே அம்சவேணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நல்லமுத்துவுக்குத்தான் அது தெரியாது.

"ஏம்புள்ள," என்று நல்லமுத்து ஜன்னலில் இருந்ததை விரலால் சுட்டினான். "ஸ்பீக்கர்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்னங்க? ஒண்ணு கூடவேதானே குடித்தனம் பண்றேன். நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கும்."

"என்றது நூறு வாட்டு!"

"அதுதாங்க. வந்த நாள்ல இருந்து வாட்டு வாட்டுன்னு வாட்டுது."

"அது நீலப்பல்லுல பாடுதாம். ப்ளூடூத்து! பல்லு நீலமாப் போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். பாட்டுக் கேக்கக் கூடாது. என்றதைப் பாரு. ஆம்ப்ளிஃபயருங்கிற பேருலயே ஆம்பளை இருக்குது!"

"அதனாலதான் ஒரு வேலையும் செய்யாம மூலையில உக்காந்துக்கிட்டு உர்ருங்குது."

'உர்' என்ற சொல் நல்லமுத்துவைச் சுட்டது. அந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். தேனீக்கூட்டுக்குள் தலையை விட்டது போல இருக்கும். அம்சவேணி வருடக்கணக்காகச் சொல்லியும் அவன் ஒப்புக்கொண்டதில்லை. உன் காதுக்குள் வண்டு போயிருக்கிறது என்பான்.

"உர்ராவது கிர்ராவது! இங்க பாரு அம்மிணி. ரெண்டு பொட்டி எதுக்கு வச்சிருக்கிறேன்? இந்தப் பக்கம் புல்லாங்குழல், அந்தப் பக்கம் தபேலா, நடுவுல பாடறவங்க. தனித்தனியாக் கேக்கணும். உன்ற டப்பாவுல எல்லாரும் ஒரே மினி பஸ்ஸுல ஏறி நசுங்கற மாதிரி இருக்குது."

"அந்தப் பக்கத்துப் பொட்டி ஆடியில இருந்து பாடறதே இல்லீங்களே. தபேலாக்காரரு லீவுங்களா?"

"அது ஒயர் லூசு. சரி பண்ணிக்கலாம். அதான் விசயமே! என்றது கெட்டாப் பிரிச்சு ரிப்பேர் பண்ணலாம். உன்றது கெட்டாத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்."

"ரிப்பேர் பண்ணிக்கிட்டேதானே இருக்கீங்க. பாட்டு எப்பங்க கேப்பீங்க?"

"சார்ஜ் தீந்து போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"சார்ஜ் போடுவேனுங்க. கரண்டு போச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

மலையில் கரண்டு எப்போது போகும் என்று மின்சார ஆபீசுக்கே தெரியாது. ஒரு கிளை ஒடிந்தால் போகும். ஒடியலாமா என்று கிளை யோசித்தாலே போகும். பதில் இல்லாத கணவன் என்ன செய்வான்? போட்டி வைப்பான்.

"போட்டி வச்சுக்கலாமா? முன்னறைக் கதவுக்குப் படுதா கட்டு. உள்ளே ரெண்டுலயும் ஒரே பாட்டைப் போடு. ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் வாசல்ல உக்காந்து, எது என்ற ஆம்ப்புன்னு காதாலயே சொல்றேன். சொல்லிட்டா அந்த டப்பா கடைக்கே திரும்பிப் போகணும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா பொட்டி ரெண்டும் முன்னறையை விட்டுப் போகட்டும். உன்ற மெஷினைக் கொண்டாந்து நடுவுல போட்டுக்க."

அம்சவேணி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். முகம் வாடியது. "உங்க காது எப்பேர்ப்பட்ட காதுங்க! நான் எங்கீங்க ஜெயிக்கப் போறேன்?"

நல்லமுத்துவுக்கு அவள் மேல் இரக்கமே வந்துவிட்டது. பாவம், ஒன்றும் தெரியாதவள். ஏனென்றால் அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. காது எதற்கு? ஆம்ப்பைப் போட்டால் முதலில் 'ம்ம்ம்ம்' வரும். டப்பாவுக்கு முனகத் தெரியாது. முனகினால் ஆம்ப்பு, முனகாவிட்டால் டப்பா. பச்சைக் குழந்தை கூட ஜெயிக்கும். இத்தனை வருடம் இல்லவே இல்லை என்று சாதித்த முனகலைத்தான் இப்போது குலதெய்வம் போல நம்பினான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு ஆசை. ஜெயிக்கிற நாளில் ஆம்ப்பு புது மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும். பழைய டேப்பு சுற்றிய ஒயரோடு ஜெயித்தால் மரியாதையா? செம்மேட்டுக்குப் போய் நல்ல தடித்த ஒயராக வாங்கிவரப் பஸ் ஏறினான்.

"மெதுவாப் போயிட்டு வாங்க. அவசரமே இல்லை," என்று அம்சவேணி வழியனுப்பினாள். அத்தனை அன்பாக அவள் வழியனுப்பியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது அவன் யோசித்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் யோசிக்க நேரமில்லை. கண்டக்டரிடம் போட்டியைப் பற்றிச் சொன்னான். அன்னாசிக் கூடையோடு வந்தவரிடம் சொன்னான். ஒயர்க் கடையில் சொன்னான். கடைக்காரர், "ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்குதுங்களே, ஊடு சின்னதுன்னா சின்னதே போதும்," என்று ஆரம்பித்தார். நல்லமுத்து ஒயரை அளக்கச் சொல்லி அவர் வாயை அடைத்தான்.

திரும்பி வரும்போது வாசலில் கூட்டமே இருந்தது. கதவில் பூப்போட்ட போர்வை படுதாவாகத் தொங்கியது. பக்கத்து வீட்டு முருகானந்தம் அதன் முன்னால் கையைக் கட்டி நின்றான். கவிதாவின் புருஷன், மிளகு வியாபாரி. எதிர்வீட்டில் மாவு மில் ஓட்டும் சின்னாயி, மில்லை ஓடவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். மில் தடதடவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

நல்லமுத்து உள்ளே நுழையப் போனான். முருகானந்தம் மறித்தான்.

"நீங்க போகக் கூடாதுங்கண்ணா. தீர்ப்புச் சொல்றவரு எட்டிப் பாத்தா அப்புறம் ஊரு என்ன பேசும்?"

"ஒயர் மாட்டணும்டா!"

"குடுங்க. நான் மாட்டறேன்."

சொன்னது நியாயமாகப் பட்டது. ஒயரைக் கொடுத்தான். உள்ளே முருகானந்தம் எதையோ நகர்த்தும் சத்தம், 'டக்', 'டிக்' என்று சத்தம், எல்லாம் கேட்டது. நல்லமுத்து திருப்தியாகத் தலையாட்டினான்.

வாசலில் அவனுக்கென்று தனி ஆசனம் போட்டிருந்தார்கள். சிவப்பு வெல்வெட் உறை, ஓரத்தில் குஞ்சம், மெத்தென்று பஞ்சு. அம்சவேணியே தைத்தது. அதே மாதிரி இன்னொன்றில் சின்னாயி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குன்னே தச்சியா?" என்று நல்லமுத்து நெகிழ்ந்து போனான்.

"பின்னே யாருக்குங்க? நீங்கதானே இன்னிக்கு ராசா. உக்காருங்க."

அவள் படுதாவுக்குள் மறைந்தாள். ராசா உட்கார்ந்து, கண்ணை மூடி, காதைத் தீட்டினான்.

முதல் பாட்டு வந்தது. பம்பையும் உடுக்கையுமாகத் தொடங்கும் பழைய கோயில் பாட்டு. முனகல் இல்லை. பாட்டு மட்டும் சட்டென்று வந்தது. நல்லமுத்துவின் உதட்டில் புன்னகை.

"போதும், நிறுத்து! இதுதான் டப்பா. உடுக்கைச் சத்தமா இது? தகர டின்னுக்குள்ள தவளை குதிக்குது! அடி இல்லை, கனம் இல்லை. பாடறவரு தொண்டையில வெந்நி ஒத்தடம் குடுக்கணும்."

"கண்ணு, எனக்கு நல்லாத்தானே கேட்டுது," என்றாள் சின்னாயி.

"உங்களுக்கு மில்லுச் சத்தமே சங்கீதமுங்கக்கா. அடுத்ததைப் போடு!"

பிறகு படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

'ம்ம்ம்ம்ம்ம்...'

நல்லமுத்துவின் உடம்பு சிலிர்த்தது. அதே முனகல். நீளமான, கெட்டியான, அருமை முனகல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பம்பை இறங்கியது.

"ஆஹா! இதுதான்! இதுதான் என்ற ஆம்ப்பு! கேட்டீங்களா? பம்பை நெஞ்சுக்குள்ள அடிக்குது! இந்தப் பக்கம் உடுக்கை, அந்தப் பக்கம் சிலம்பு! ஒயர் மாத்தினதும் ரெண்டாவது பொட்டியும் பாடுது பாருங்க! நூறு வாட்டுன்னா சும்மாவா?"

கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தான்.

"அடடா, அந்த மாவு மில்லுச் சத்தங்கூட அடங்கிப் போச்சு பாருங்க, என்ற ஆம்ப்பு முன்னால!"

"கண்ணு," என்றாள் சின்னாயி மெதுவாக. "கரண்டு போயிருச்சு."

"போனாப் போகட்டும்க்கா. பாட்டைக் கேளுங்க."

கேட்டார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பம்பை அதிர்ந்தது, உடுக்கை உருண்டது. நல்லமுத்துவின் தலை தாளத்துக்கு ஆடியது. பிறகு ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. நின்றது. ஒரு கண் திறந்தது.

"எங்க போயிருச்சு?"

"ஊரு பூராவுங்கண்ணா," என்றான் முருகானந்தம்.

ஆனால் நல்லமுத்து லேசில் விடுகிற ஆள் இல்லை.

"அது... அது வந்து... கண்டன்சர்! பெரிய ஆம்ப்புல பெரிய கண்டன்சர் இருக்கும். கரண்டைக் குடிச்சு வச்சுக்கும். ஒட்டகம் மாதிரி. நீங்கள்லாம் படிச்சிருக்க மாட்டீங்க."

அப்போது படுதா விலகியது.

முன்னறை பளிச்சென்று இருந்தது. தரை தெரிந்தது. அந்த வீட்டுத் தரை சிவப்பு என்பதையே நல்லமுத்து அன்றுதான் பார்த்தான். நடுவில் தையல் மெஷின். மெஷின் மேல் தயிர்ச் சட்டி ஸ்பீக்கர், தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்சவேணி, அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு.

"ஆ... ஆம்ப்பு எங்கே?"

"அது நீங்க பஸ் ஏறினதுமே முருகானந்தம் ஊட்டுக்குப் போயிருச்சுங்க."

"அப்ப முதல்ல பாடுனது?"

"இதுதானுங்க."

"தவளை?"

"அதுவும் இதுதானுங்க. நெஞ்சுக்குள்ள அடிச்சதும் இதுதான். ஒண்ணேதாங்க ரெண்டு தடவையும் பாடுச்சு."

"முனகல் கேட்டுதே! என்ற காதால கேட்டேனே! 'ம்ம்ம்'னு!"

அம்சவேணி வாயை மூடிக்கொண்டு, மூக்கால், "ம்ம்ம்ம்ம்ம்..." என்றாள். அச்சு அசலாக அதே முனகல்.

"இத்தனை வருசமா தினம் கேக்கிறேனுங்க. எனக்கு வராதா? இல்லவே இல்லாத முனகலைத்தான் நீங்க தேடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

சின்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முருகானந்தம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். ஆனாலும் நல்லமுத்து கடைசியாக ஒன்று கேட்டான்.

"என்ற பொட்டி ரெண்டும்? அதையாவது இங்கேயே வச்சிருக்கியா? இல்லை அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?"

"அது எங்கியும் போகலீங்க. பேச்சு பேச்சா இருக்கணுமில்ல? முன்னறையை விட்டுத்தான் போச்சு. ஒண்ணு மேல அக்கா உக்காந்திருக்காங்க." அவன் இருந்த இடத்தைக் காட்டினாள். "இன்னொண்ணுல ராசா உக்காந்திருக்காருங்க."

நல்லமுத்து கீழே கையை விட்டுக் குஞ்சத்தைத் தூக்கிப் பார்த்தான். வெல்வெட்டுக்கு அடியிலிருந்து ஸ்பீக்கரின் வட்ட வூஃபர் அவனைப் பார்த்தது.

இரண்டு நாள் நல்லமுத்து யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் ஜாக்கெட் தைக்க வந்த பெண்கள் எல்லோரும் அவன் ஸ்பீக்கர்கள் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நல்ல ஆசனம் என்று பாராட்டினார்கள். வீட்டில் சின்ன ஸ்பீக்கர் பாடியது. அது நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆம்ப்பு முருகானந்தம் வீட்டில்தானே இருக்கிறது? முருகானந்தம் வியாபாரத்துக்காகச் சோளக்காடு சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போய், நிம்மதியாகப் பாட்டுக் கேட்டால் என்ன? அங்கே தையல் மெஷின் இல்லை. கிண்டல் இல்லை. அதை எடு, இதைச் செய் என்று ஏவ அம்சவேணியும் இல்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்துவிட்டு வாரேன் என்று கிளம்பினான். அம்சவேணி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிங்க, பையப் போயிட்டு வாங்க," என்றாள். ஒன்றும் சந்தேகப்படவில்லை. ஆண்பிள்ளை புத்தியே தனி என்று நல்லமுத்து தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

கவிதா மலர்ந்த முகத்தோடு வரவேற்றாள்.

"வாங்கண்ணா! பாட்டுக் கேக்க வந்தீங்களா? வாங்க, வாங்க. எங்க ஊட்டு ஸ்பீக்கர் பொட்டியில மாட்டி வச்சிருக்குது. உக்காருங்க."

ஆம்ப்பு முனகியது. பாட்டு வந்தது. நல்லமுத்துவின் கண்ணில் நீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் கவிதா ஒரு முறத்தையும் பெரிய மிளகு மூட்டையையும் இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கை சும்மாதானே இருக்குதுங்கண்ணா. கேட்டுக்கிட்டே இந்தக் காம்பையும் சருகையும் பொறுக்கிப் போட்டுருங்க."

பாட்டுக்கு ஆசைப்பட்டவன் வேறு என்ன செய்வான்? பொறுக்கினான். முறம் முறமாகப் பொறுக்கினான். பாட்டு மாறி மாறி வந்தது, மூட்டை மட்டும் குறையவில்லை. முதுகு விட்டுப் போனது. மூக்குக்குள் நெடி ஏறி, நாலு பாட்டுக்கு ஒரு தும்மல் போட்டான். இத்தனைக்கு நடுவிலும் அவனுக்கு ஒரே ஆறுதல். வீட்டில் இருந்திருந்தால் அம்சவேணி தங்கள் வீட்டு மிளகைப் பொறுக்கச் சொல்லி உயிரை எடுத்திருப்பாள். பத்து நாளாக அதற்குத்தான் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்தோஷத்தில் கவிதாவைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தான்.

"உங்க மிளகு நல்ல திரட்சிம்மா. இந்த வருசம் உங்களுக்கு அமோகம் போ!"

"ஐயோ, இது எங்களுது இல்லீங்கண்ணா," என்றாள் கவிதா. "உங்க ஊட்டு மிளகுதான். ஆம்ப்பு வந்த அன்னிக்கே, அண்ணன் பின்னாலயே வருவாருன்னு சொல்லி அக்கா மூட்டையையும் சேத்து அனுப்பிட்டாங்க."